நாலு விரல் குறைந்த கூரை

காருக்குள் உட்கார்ந்து குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பெண் மன்னார்குடியில் ஒருத்திதான் இருந்தாள். அவள் பெயர் சபிஹா. ஆறாம் வகுப்பு படித்தாள்.

அவளுக்கு அதில் துளியும் பெருமை இல்லை.

"அத்தா, நான் நடந்தே போறேன். நடந்து போனாக்கூட இவ்வளவு நனைய மாட்டேன்," என்றாள் அன்று காலையும்.

"இன்னும் கொஞ்ச நாள்தாம்மா. புது டாப்பு போட்டுட்டா ராணி மாதிரி போகலாம்," என்றார் அவளுடைய அப்பா ஜாஃபர் சாதிக், ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து மறு கையால் கண்ணாடியைத் துடைத்தபடி.

இதைத்தான் ஆடி மாதம் சொன்னார். ஆவணியிலும் சொன்னார். இப்போது ஐப்பசி பிறந்து அடைமழையும் வந்துவிட்டது.

அது ஒரு பழைய ஹெரால்டு கார். சிவப்பு நிறம். மற்ற கார்களைப் போல அதற்குத் தகரக் கூரை கிடையாது. கறுப்புத் துணிக் கூரைதான். வேண்டாதபோது கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். வேண்டும்போது இழுத்து, முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும் இரண்டு கொக்கிகளில் மாட்டிவிடலாம்.

அந்தக் காரைச் செய்தவர்கள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் துணி குறுக்கே கிழிந்துபோயிருந்தது. கூரையை இழுத்து மாட்டினால் கிழிசல் 'ஆ' என்று வாயைத் திறக்கும். அதுவும் சரியாக சபிஹாவின் தலைக்கு மேலே. பின்ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் இருந்த பிளாஸ்டிக் தாளோ பழுத்து மஞ்சளாகிவிட்டது. பின்னால் லாரி வந்தாலும் யானை வந்தாலும் அதில் ஒரே மாதிரிதான் தெரியும்.

பள்ளி வாசலில் இறங்கியதும் தோழி ஈஸ்வரி ஓடி வந்தாள்.

"ஏன்டி, உங்க காருக்குள்ளயும் மழை பெய்யுதா?"

"நடுவுல மட்டும்," என்றாள் சபிஹா, பாவாடையைப் பிழிந்துகொண்டே.

ஜாஃபர் சாதிக் பல வருடங்கள் குவைத்தில் ஒரு பணக்காரர் வீட்டில் கார் ஓட்டினார். அந்த வீட்டில் மேலே திறக்கிற கார் ஒன்று இருந்தது. அதை ஓட்டிய நாளிலிருந்தே அவருக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. போன வருடம் ஊர் திரும்பியதும் தஞ்சாவூரில் ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில் தூசி படிந்து கிடந்த இந்தக் காரைத் தேடிப்பிடித்து வாங்கினார். மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு வாடகைக்கு ஓட்டலாம் என்பது திட்டம்.

"ஒரு பசு வாங்கியிருந்தா பாலாவது கிடைச்சிருக்கும்," என்று சபிஹாவின் அம்மா ஹமீதா பானு தினமும் சொல்வாள். "இதுக்கு நாமதான் தீனி போடுறோம்."

அந்த வாரம்தான் காருக்கு முதல் வேலை வந்தது.

வந்தவர் நாகநாதன். பக்கத்துக் கிராமத்தில் நெல் விவசாயம் செய்பவர். வரும்போதே எரிச்சலோடு வந்தார்.

"என் மகன் ராம்கிக்குக் கல்யாணம் பாய். சிங்கப்பூர்லேருந்து வந்திருக்கான். அம்பாசடர் வேணாமாம், குதிரை வண்டி வேணாமாம். மாப்பிள்ளை அழைப்புக்குத் தெறந்த கார்தான் வேணுமாம். அங்க என்னத்தைப் பார்த்தானோ!"

"நம்ம கார் இருக்கே அண்ணே," என்று அத்தா முகம் மலர்ந்தார்.

"இருக்கு, சரி. மழைக்காலமாச்சே. தூறல் விழுந்தா உடனே மூடணும். மாப்பிள்ளை சொட்டச் சொட்ட மண்டபத்துக்குள்ள வந்தா சம்பந்தி வீட்டுல என் மானம் போயிடும். டாப்பு நல்லா இருக்குல்ல?"

"அருமையா இருக்கும்," என்றார் அத்தா.

இருக்கு என்று சொல்லவில்லை. இருக்கும் என்றார். அந்த வித்தியாசம் நாகநாதனுக்குத் தெரியவில்லை. கதவோரம் நின்ற சபிஹாவுக்குத் தெரிந்தது. அவள் அத்தாவை முறைத்துப் பார்த்தாள். அத்தா மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. குவைத்திலிருந்து அம்மாவின் அண்ணன் அப்துல் மஜீது பேசினார். அத்தா பேசிவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"விசா தயாரா இருக்காம். மாசக் கடைசிக்குள்ள வர்றேனா இல்லையான்னு சொல்லணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இந்தக் கல்யாணம் நல்லபடியா நடந்தா நாலு பேர் காரைப் பார்ப்பாங்க. வேலை வரும். நான் இங்கேயே இருந்துடுவேன். இல்லேன்னா…" அத்தா முடிக்கவில்லை.

சபிஹா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அத்தா என்றால் ஒரு கேசட்தான். குவைத்திலிருந்து யாராவது ஊருக்கு வரும்போது அத்தா தன் பேச்சைப் பதிவு செய்து அனுப்புவார். சபிஹா டேப் ரெக்கார்டரின் முன் உட்கார்ந்து, "அத்தா, எப்ப வருவீங்க?" என்று கேட்பாள். கேசட் அதற்குப் பதில் சொல்லாது. "நல்லா படிம்மா, அம்மா சொல்றதைக் கேளு," என்று தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகும்.

அந்தக் கேசட்டுக்கு இந்த நனையவைக்கும் அத்தாவே மேல் என்று அவளுக்குத் தோன்றியது. ஆகவே, அந்தக் காரை அவள் எவ்வளவு வெறுத்தாலும், அதன் கூரை சரியாகியே ஆகவேண்டும்.

முதலில் அத்தா லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற கடைக்குப் போனார். அங்கே தைத்துக் கொடுத்ததைப் போட்டபோது, கார் நெல் மூட்டை ஏற்றிய லாரியைப் போல ஆகிவிட்டது. சரி, மழைக்கு நனையாதே என்று பார்த்தால், கூரை மடியவே மாட்டேன் என்றது. அத்தா மேலிருந்து அழுத்தினார். சபிஹா கீழிருந்து இழுத்தாள். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

பிறகு அத்தா சென்னைக்குப் போய்க் கடை கடையாக அலைந்து, கார்க் கூரைக்கென்றே வருகிற ரப்பர் பூசிய கறுப்புத் துணியை வாங்கிவந்தார். கடையில் மிச்சம் இருந்ததே அந்த ஒரு துண்டுதானாம். அதைக் கலந்தரின் குஷன் கடையில் கொடுத்தார்.

கலந்தர் கார், பஸ், டிராக்டர் எல்லாவற்றுக்கும் சீட் தைப்பவர். கைவேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் காரம். எந்த வேலையைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பார்.

நாளைக்கு, நாளைக்கு என்று நாட்கள் போயின. கல்யாணம் நெருங்கியது. அத்தா காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கடைக்கு நடந்தார். கடைசியில் ஒருநாள் கலந்தரே புதுக் கூரையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"பழைய டாப்பைப் பிரிச்சு, தரையில விரிச்சு, அப்படியே அளவெடுத்துத் தைச்சிருக்கேன். நூல் பிசகாது," என்றார்.

கார் வீட்டுக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகையில் நின்றது. காரின் மேல் மூன்று இரும்புக் கம்பிகள் விலா எலும்பு போல வளைந்து நின்றன. கலந்தர் துணியைப் பின்பக்கத்து மரச்சட்டத்தில் ஆணி அடித்துப் பொருத்தினார். பிறகு கம்பிகளின் மேல் போர்த்தி முன்னால் இழுத்தார்.

துணி முன்கண்ணாடிவரை வரவில்லை. நாலு விரல் அகலம் இடைவெளி இருந்தது.

"இழுங்க," என்றார் அத்தா.

கலந்தர் இழுத்தார். அத்தா இழுத்தார். சாலையில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து இழுத்தார். ஓரத்தில் 'டர்' என்று ஒரு தையல் விட்டது. இடைவெளி அப்படியே இருந்தது.

"அளவைச் சரியாப் பார்த்தீங்களா?" என்று அத்தா கேட்டார்.

"பழைய டாப்பு என்ன அளவோ அதே அளவு. ஒரு நூல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"அப்ப என் வண்டி வளர்ந்துடுச்சா?"

"அதை வண்டிகிட்டயே கேளுங்க!"

"கண்ணாடி போட்டுப் பார்த்து வெட்டியிருக்கணும்!"

"என்னையா கண்ணு தெரியாதவன்னு சொல்றீங்க? இனிமே இந்த ஓட்டை வண்டி என் கடைப் பக்கமே வரக்கூடாது!"

கலந்தர் சுத்தியலை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். அத்தா காரின் பானெட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தார். கை வலித்ததால் அதற்கும் காரைத்தான் திட்டினார்.

"போதும்!" என்றார் அவர். "நாளைக்கு நாகநாதண்ணன்கிட்ட வேற கார் பார்த்துக்கச் சொல்லிடறேன். மஜீது மச்சானுக்கும் போன் பண்ணிடறேன்."

அம்மா உள்ளே போய்விட்டாள். தினமும் காரைத் திட்டுகிற அம்மாவுக்கே அன்று திட்ட வார்த்தை வரவில்லை.

அன்று சாயங்காலம் மீண்டும் மழை பிடித்துக்கொண்டது. கொல்லையில் கோழிக்கூடு ஒழுக, கோழிகள் கொக்கரித்து ஊரைக் கூட்டின.

"சபிஹா! அந்தக் கிழிஞ்ச டாப்பு சும்மாதானே கிடக்கு. அதை எடுத்துட்டு வா. கோழிக்காவது உதவட்டும்!" என்று அம்மா கத்தினாள்.

சபிஹா பழைய கூரையை இழுத்துவந்து கூட்டின் மேல் போட்டாள். துணி தொளதொளவென்று விழுந்தது. கிழிசலின் இரண்டு ஓரங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கிழிந்த இடமே தெரியவில்லை.

"இப்படிப் போட்டா காத்துல பறந்துடும். அந்த முனையைப் பிடிச்சு இழு. கயிறு போட்டுக் கட்டணும்," என்றாள் அம்மா.

சபிஹா ஒருபக்கம் இழுத்தாள். அம்மா மறுபக்கம் இழுத்தாள். உடனே கிழிசல் 'ஆ' என்று வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு சேவல் அதன் வழியாகத் தலையை நீட்டி, இருவரையும் கோபமாகப் பார்த்தது.

"அல்லாவே! இது எதுக்குமே லாயக்கில்ல," என்றாள் அம்மா.

சபிஹா அந்தக் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரில் போகும்போதெல்லாம் தலைக்கு மேலே அவள் பார்த்த அதே வாய். சேவலின் தலையை உள்ளே தள்ளிவிட்டு, திறந்த வாயில் கையை வைத்துப் பார்த்தாள்.

சரியாக நாலு விரல்.

"அம்மா, கொஞ்சம் விடுங்க."

அம்மா பிடியை விட்டாள். வாய் மூடிக்கொண்டது.

"இப்ப இழுங்க."

வாய் திறந்தது.

"மழையில நின்னுக்கிட்டு என்ன விளையாட்டு இது?"

"அம்மா! கலந்தர் மாமா இதைத் தரையில விரிச்சுத்தானே அளவெடுத்தாங்க? தரையில விரிச்சா வாய் மூடிக்கும். கார்ல மாட்டினா திறந்துக்கும். அந்தத் திறந்த இடத்தை யாருமே அளக்கலை! பழைய துணியும் சுருங்கிப்போய் எட்டாமதான் இருந்திருக்கு. இழுத்து மாட்டினதாலதான் அது கிழிஞ்சே போச்சு."

அம்மா ஒருமுறை துணியைத் தளர்த்திப் பார்த்தாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"போய் உங்க அத்தாவைக் கூட்டிட்டு வா. ஓடு."

அத்தா வந்தார். பார்த்தார். தன் கையை வைத்தும் பார்த்தார். சேவல் அவரையும் ஒருமுறை எட்டிப் பார்த்தது. "ஆமாம்," என்றார். பிறகு, "ஆனா கலந்தரண்ணன் இனிமே வர மாட்டார். நான் பேசின பேச்சுக்கு நானா இருந்தாலும் வர மாட்டேன்," என்றார்.

"நீங்க போய் மன்னிப்புக் கேளுங்களேன்," என்றாள் அம்மா.

"அவர் என் வண்டியை ஓட்டை வண்டின்னு சொல்லலையா?"

"ஓட்டையைத்தானே இப்ப அளந்து பார்த்தீங்க!"

இரண்டு பேரும் வாக்குவாதத்தைத் தொடங்கினார்கள். இந்தப் பெரியவர்களை நம்பினால் கல்யாணமே முடிந்துவிடும் என்று சபிஹாவுக்குத் தோன்றியது. கோழிக்கூட்டிலிருந்து துணியை உருவிச் சுருட்டினாள். சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு, தூறலிலேயே குஷன் கடைக்கு மிதித்தாள்.

கலந்தர் ஒரு டிராக்டர் சீட்டில் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தார். அதைக் குத்திய குத்தில் யார் மேலேயோ இருந்த கோபம் தெரிந்தது.

"உங்க அத்தா அனுப்பினாரா?"

"இல்ல மாமா. நானாத்தான் வந்தேன்."

"அப்ப நானா சொல்றேன், கேட்டுக்க. என் அளவுல தப்பில்ல."

"தப்பே இல்ல மாமா. நீங்க துணி எப்படி இருந்துச்சோ அப்படியேதான் வெட்டியிருக்கீங்க."

கலந்தர் பஞ்சு திணிப்பதை நிறுத்தினார்.

"பின்னே உங்க அத்தா அப்படிச் சொன்னாரே?"

"அத்தா சொன்னதும் தப்பில்ல மாமா. டாப்பு குறையத்தானே செய்யுது? இந்தத் துணிதான் நம்ம எல்லாரையும் ஏமாத்திடுச்சு. இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்களேன்."

கலந்தர் முனகிக்கொண்டே பிடித்தார். சபிஹா இழுத்தாள். வாய் திறந்தது. அவள் தளர்த்தினாள். வாய் மூடியது.

கலந்தர் இரண்டாம் முறை தானே இழுத்துப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்து அந்த வாயை அளந்தார்.

"அட கிரகமே!" என்றார். "இதைக் காலையிலேயே சொல்றதுக்கென்ன?"

"காலையில எங்க கோழிக்கூடு ஒழுகலையே மாமா."

கலந்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க இருமினார். "கம்பி மேலயே வச்சு அளவெடுத்திருக்கணும். சரி, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு வர்றேன்னு சொல்லு."

சபிஹா நகரவில்லை. இடுப்பில் கைகளை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கா மாமா?"

கலந்தர் அவளைப் பார்த்தார். மழையில் நனைந்த தலை, சேறு தெறித்த பாவாடை, துணியைக் கட்டிவந்த சைக்கிள். பெருமூச்சு விட்டுக்கொண்டு ஊசிகளையும் சுத்தியலையும் பையில் போட்டார்.

"உங்க அத்தாவுக்கு நீதான் சரி," என்றார்.

வீட்டில் இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேலையைத் தொடங்கினார்கள். பேச வேண்டியதையெல்லாம் சபிஹா வழியாகவே பேசினார்கள்.

"சபிஹா, கூடுதலாத் துணி இருக்கான்னு உங்க அத்தாகிட்ட கேளு."

"இல்லேன்னு சொல்லும்மா. கடையில இருந்தது அந்த ஒரே துண்டுதான்."

"நான் இங்கேயேதான் நிக்கிறேன். ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல?" என்றாள் சபிஹா.

நாலு விரல் துணிக்கு எங்கே போவது? கலந்தர் கொண்டுவந்த பையில் அதே கறுப்புத் துணியில் ஒரு உறை இருந்தது. கூரையை மடித்துப் பின்னால் வைக்கும்போது அதை மூடி வைப்பதற்காகத் தைத்தது.

"மாமா, இதை வெட்டி ஒட்டுப் போட்டா என்ன? மடிச்ச டாப்பை மூட அந்தத் தார்ப்பாயில ஒரு துண்டு போதாதா?" என்று சபிஹா கேட்டாள்.

"ஒட்டுப் போட்டா அந்தத் தையல்ல தண்ணி இறங்குமே," என்றார் அத்தா.

கலந்தர் நடுக் கம்பியைத் தட்டினார். "ஒட்டுத் தையல் சரியா இந்தக் கம்பி மேல வர்ற மாதிரி வெட்டுறேன். ஒண்ணு மேல ஒண்ணு மடிச்சு, ரெட்டைத் தையல். மேல மெழுகுவத்தியைத் தேய்ச்சுட்டா தண்ணி இறங்காது." இந்த முறை அவர் அத்தாவைப் பார்த்தே சொன்னார்.

அத்தாவும் அவரைப் பார்த்து, "செய்யுங்கண்ணே," என்றார். சற்றுப் பொறுத்து, "காலையில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றார்.

"சரி சரி. அந்த முனையைப் பிடிங்க."

இந்த முறை கூரையைக் கம்பிகளின் மேலேயே போர்த்தி, சபிஹா சாக்கட்டியால் கோடு போட்டாள். கலந்தர் வெட்டினார். மறுநாள் மதியத்துக்குள் தைத்தும் முடித்தார். ஆணி அடித்து முன்னால் இழுத்தபோது கூரை முன்கண்ணாடிவரை வந்தது. ஆனால் கொக்கியில் விழ இன்னும் ஒரு நூல் தூரம் வேண்டியிருந்தது.

"ரப்பர் துணி. வெயில்ல காய்ஞ்சா இளகிக் கொடுக்கும்," என்றார் கலந்தர்.

மூவரும் வானத்தைப் பார்த்தார்கள். கருகும்மென்று இருந்தது. மறுநாள் சாயங்காலம் ஊர்வலம்.

"வெயிலுக்கு நான் எங்கே போவேன்!" என்று அத்தா தலையில் கை வைத்தார்.

அப்போது ஜன்னல் வழியாக ஒரு நீள ஒயர் வந்து விழுந்தது. அதைத் தொடர்ந்து அம்மா வந்தாள். கையில் இஸ்திரிப் பெட்டி.

"தள்ளுங்க எல்லாரும்," என்றாள்.

கனமான துண்டு ஒன்றைக் கூரையின் மேல் போட்டு, அம்மா மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனாள். பள்ளிக்கூடச் சட்டையைத் தேய்ப்பது போலவே ஓரமெல்லாம் நிதானமாகத் தேய்த்தாள். துணி சூடேறி இளகியது.

"ம், இப்ப இழுங்க!"

அத்தா வலப்பக்கம், சபிஹா இடப்பக்கம். டக். டக். இரண்டு கொக்கிகளும் விழுந்தன.

கூரை கறுப்பு மேளம் போல இறுகி நின்றது.

"தண்ணி ஊத்திப் பார்க்கணும்," என்றாள் அம்மா. சபிஹாவை உள்ளே உட்காரவைத்துவிட்டு ஒரு குடம் தண்ணீரைக் கூரையின் மேல் கொட்டினாள். ஒரு சொட்டும் இறங்கவில்லை. அம்மா இன்னொரு குடம் கொட்டினாள். பிறகு இன்னொன்று.

"போதும் ஹமீதா, ஒழுகலை," என்றார் அத்தா.

"தெரியுது," என்றாள் அம்மா. ஒரு வருடத்துக் கோபம் முழுவதையும் சேர்த்து அடுத்த குடத்தைக் கொட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் வானம் தெளிந்திருந்தது. கூரையை மடித்துப் பின்னால் வைத்து, காருக்குப் பூ அலங்காரம் செய்தார்கள். கூரையை மூட இரண்டு பக்கமும் ஆள் வேண்டும் என்பதால் சபிஹா முன்சீட்டில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை ராம்கி கோட்டும் சூட்டும் மாலையுமாகப் பின்சீட்டில் இருந்தார். முன்னால் நாதஸ்வரமும் தவிலும் போயின. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து காரைப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஈஸ்வரியும் நின்று கையை ஆட்டினாள்.

குளக்கரையில் திரும்பும்போது சபிஹாவின் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது.

"அத்தா!"

"பார்த்தேன்!"

இருவரும் குதித்து இறங்கினார்கள். கூரையைத் தூக்கி முன்னால் இழுத்தார்கள். மழை சடசடவென்று இறங்கியது. வலப்பக்கம் டக் என்று விழுந்தது. இடப்பக்கம் விழவில்லை.

"இழும்மா, இழு!"

"இழுக்கிறேனே!"

குனிந்து பார்த்தாள். கார்மேல் தொங்கவிட்டிருந்த பூச்சரத்தின் நார் கொக்கியில் சுற்றிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிய்த்து எறிந்தாள். டக்!

இருவரும் உள்ளே ஏறிக்கொண்டார்கள். வெளியே எல்லோரும் நாலாபக்கமும் ஓடினார்கள். தவில்காரர் மட்டும் தவிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தோல் நனைஞ்சா போச்சே!" என்று தவித்தார்.

சபிஹா ராம்கியைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, பக்கத்துல இடம் இருக்குல்ல?"

"உள்ள கொண்டாங்க!" என்று ராம்கி நகர்ந்து உட்கார்ந்தார். தவில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஜோராக உட்கார்ந்தது. நாதஸ்வரமும் மடியில் ஏறிக்கொண்டது.

நாகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் ஓடி வந்தார். கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினார்.

"ராம்கி, நனைஞ்சிட்டியா?"

"இல்லப்பா."

"ஒரு சொட்டு கூடவா இல்ல?" என்று அவர் இன்னும் உள்ளே வந்து பார்த்தார். அவர் தலையிலிருந்து தண்ணீர் கோட்டின் மேல் சொட்டியது.

"அப்பா, இப்பத்தான் நனையறேன்! கதவைச் சாத்துங்க!"

நாகநாதன் தலையை வெளியே எடுத்து, கூரையைக் கையால் தட்டிப் பார்த்தார். "பாய், தையில என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். வண்டியை வேற யாருக்கும் சொல்லிடாதீங்க," என்றார்.

மாப்பிள்ளை உலர்ந்த சட்டையோடு மண்டபத்தில் இறங்கினார். தவிலும் நனையாமல் இறங்கியது.

திரும்பும் வழியில் அத்தா எஸ்.டி.டி. பூத் ஒன்றின் முன்னால் காரை நிறுத்தினார். "மஜீது மாமாகிட்ட பேசிட்டு வந்துடறேன்," என்று இறங்கி ஓடினார்.

சபிஹா காருக்குள் காத்திருந்தாள். கூரையில் மழை தாளம் போட்டது. பூத்தின் கண்ணாடிக்குப் பின்னால் அத்தா கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. என்ன பேசுகிறார் என்று கேட்கவில்லை. நகத்தைக் கடித்தாள்.

அத்தா ஓடிவந்து உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார்.

"என்ன சொன்னீங்க?"

"தை மாசம் கல்யாண வேலை இருக்கு, வர முடியாதுன்னு சொன்னேன்."

"மாமா என்ன சொன்னாங்க?"

"திட்டினாங்க. நல்லாத் திட்டினாங்க." அத்தா சிரித்தார். சபிஹாவும் சிரித்தாள். இருவருக்கும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

அத்தா சாவியைத் திருப்பினார். கார் ஒருமுறை இருமியது. மறுபடி திருப்பினார். அந்த இருமலும் நின்றுபோனது.

"அத்தா!"

"பேட்டரிதாம்மா. சின்ன விஷயம். நாளைக்கே மாத்திடலாம்."

சபிஹா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு மழையில் இறங்கினாள். காரின் பின்பக்கம் போய் இரண்டு கைகளையும் வைத்து, "கியரைப் போடுங்க!" என்று கத்திக்கொண்டே முழு பலத்தோடு தள்ளினாள்.

மழை அவள் தலையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. காருக்குள் அவளுடைய அத்தா ஒரு சொட்டுக்கூட நனையாமல் உட்கார்ந்திருந்தார்.